தாய்ப்பத்திரம் இல்லாத நாயகன்

1993 ஆகஸ்டில் ‘மிராக்கிள்மேன்’ என்ற அமெரிக்கக் காமிக்ஸின் 24ஆம் இதழ் கடைக்கு வந்தது. கதை பாதியில் நின்றது. அடுத்த இதழுக்கான பக்கங்களை ஓவியர் மார்க் பக்கிங்காம் வரைந்து வைத்திருந்தார். அந்த அடுத்த இதழின் கதை வாசகர் கைக்குக் கிடைத்தது 2022 டிசம்பரில். பதினைந்து வயதில் 24ஆம் இதழை வாங்கிய பையன், அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டபோது அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. தொடர்கதை ஒரு வாரம் தவறினால் பத்திரிகை அலுவலகத்துக்குக் கோபமாகக் கார்டு எழுதிப் போட்ட தலைமுறைக்கு இந்தக் காத்திருப்பை விளக்குவது கஷ்டம்.

விற்காத சரக்கு என்பதால் கிடப்பில் போடப்பட்ட கதை அல்ல இது. எழுதத் தொடங்கியவர் ‘வாட்ச்மென்’ எழுதிய ஆலன் மூர். பறக்கவும் மலையைத் தூக்கவும் முடிந்த ஒருவன் நிஜமாகவே நம்மிடையே இருந்தால் உலகம் என்ன கதிக்கு ஆளாகும் என்ற கேள்வியை ‘வாட்ச்மென்’னுக்கு முன்பே அவர் இதில்தான் எழுப்பினார். சூப்பர்ஹீரோ கதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2014 வரை இதைப் புதிதாக அச்சிட்டு விற்க எவராலும் முடியவில்லை. யாரும் தடையாணை வாங்கவில்லை, எந்த அரசும் தணிக்கை செய்யவில்லை. அது யாருடைய சொத்து என்பதுதான் தெரியவில்லை. தன்னுடையது என்று சொல்ல மட்டும் ஆட்கள் நிறையவே இருந்தார்கள்.

நம் ஊரில் மனை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, தாய்ப்பத்திரம் இருக்கிறதா என்பது. விற்பவர் கையில் கிரயப் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அவருக்கு விற்றவருக்கு உரிமை எப்படி வந்தது, அவருக்கு முந்தியவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். மிராக்கிள்மேனைக் கைமாற்றிக்கொண்ட பதிப்பாளர்கள் யாரும் அப்படிப் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. போயிருந்தால் அந்த வழி லண்டன் பதிப்பகம் ஒன்றைக் கடந்து, நியூயார்க் நீதிமன்றத்தின் வாசலில் போய் முடிந்திருக்கும்.

சூப்பர்மேன் 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தான். அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சரக்கு ஓடுகிறது என்று தெரிந்ததும் சந்தையில் நகல்கள் முளைத்தன. முதல் நகலான ‘வொண்டர்மேன்’ 1939இல் ஒரே ஒரு இதழில் தோன்றினான். சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் உடனே வழக்குப் போட்டார்கள். 1940இல் மேல்முறையீட்டு நீதிபதி அகஸ்டஸ் ஹேண்ட் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். சூப்பர்ஹீரோ தொழிலுக்கு இரண்டு வயது ஆவதற்குள் அதற்கு வக்கீலும் அமைந்துவிட்டார்.

அடுத்த எதிரி அவ்வளவு சுலபமாகச் சாயவில்லை. ஃபாசெட் நிறுவனம் 1940இன் தொடக்கத்தில் கொண்டுவந்த கேப்டன் மார்வெல் எளிய, குறும்பான கற்பனை. பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவன் ‘ஷசாம்’ என்று ஒரு சொல்லைச் சொன்னால் மின்னல் இறங்கும், அவன் பெரிய ஆளாக மாறிவிடுவான். அதை எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி. சி. பெக். சூப்பர்மேனைப் பார்க்கும் பையன் பெரியவன் ஆனதும் அப்படி ஆகலாம் என்று கனவு காண வேண்டும். கேப்டன் மார்வெலைப் பார்க்கும் பையன் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும், இன்றைக்கே ஆகிவிடலாம். குழந்தைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. 1940களின் நடுவில் அவன் இதழ்கள் சூப்பர்மேனை முந்தி விற்றன. திரையிலும் அவனே முந்திக்கொண்டான்: 1941இல் அவனை வைத்துத் திரைத்தொடர் எடுத்து விட்டார்கள்.

அதே 1941இல் சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கும் தொடங்கியது. விசாரணை 1948இல்தான் வந்தது. ஏழு ஆண்டு இழுத்த வழக்கில், 1950இல் கீழ் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. கேப்டன் மார்வெல் நகல்தான் என்றது. அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் ஃபாசெட்டுக்கே வெற்றி என்றது. காரணம் கதையிலோ ஓவியத்திலோ இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அச்சிடும் ஒவ்வொரு படைப்பிலும் பதிப்புரிமைக் குறிப்பை முறைப்படி போட்டாக வேண்டும். நாளிதழ்களுக்கு சூப்பர்மேன் படக்கதையை வினியோகித்த மெக்ளூர் சிண்டிகேட் பல நாட்கள் அந்த ஒரு வரியைச் சரியாகப் போடவில்லை. போடாததால் உரிமையைக் கைவிட்டதாகவே ஆகும் என்றார் நீதிபதி. கோடிக்கணக்கில் விற்ற இரண்டு நாயகர்களின் தலையெழுத்தை ஒரு கட்டத்தின் ஓரத்தில் இருந்திருக்கவேண்டிய பொடி எழுத்து தீர்மானித்தது.

அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் லெர்னட் ஹேண்ட் இதைப் புரட்டிப் போட்டார். இவர் முன்சொன்ன அகஸ்டஸ் ஹேண்டின் உறவினர். சூப்பர்மேன் விவகாரம் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. உரிமையைக் கைவிடும் எண்ணம் உரியவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு படக்கதைப் பட்டையையும் தனித்தனியாக எடுத்து, குறிப்பு இருந்ததா, அதிலிருந்து எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். ஃபாசெட்டுக்கு அது தோல்வியைவிட மோசம். மறுபடியும் பல ஆண்டுகள், மறுபடியும் வக்கீல் கட்டணம். சூப்பர்ஹீரோ இதழ்களின் விற்பனையும் போருக்குப் பிறகு விழுந்துகொண்டிருந்தது. 1953இல் ஃபாசெட் 4,00,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. கேப்டன் மார்வெலை இனி வெளியிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அதனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இறுதித் தீர்ப்பு ஒன்று கடைசிவரை வரவே இல்லை.

அந்த ஆண்டு ‘மேட்’ பத்திரிகையின் நான்காம் இதழில் ஹார்வி கர்ட்ஸ்மனும் வாலி வுட்டும் ‘சூப்பர்டூப்பர்மேன்’ என்று ஒரு கேலிச் சித்திரக்கதை போட்டார்கள். அதில் அவனுடன் மோதும் எதிராளியின் பெயர் கேப்டன் மார்பிள்ஸ். வழக்கை அப்படியே குத்துச்சண்டையாக மாற்றியிருந்தார்கள். இந்த நையாண்டியை இங்கிலாந்தில் ஒரு பையன் பிற்பாடு படிக்கப் போகிறான். அது பின்னால்.

இந்த இடத்தில் சீகலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் தமிழ் வாசகருக்கு அந்நியர் அல்ல. 130 டாலருக்குக் கைவிட்டதை மீட்க அவரும் ஷுஸ்டரும் 1947இல் வழக்குப் போட்டார்கள், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1960களில் பதிப்புரிமைப் புதுப்பிப்பைக் கேட்டு மறுபடி முரண்டு பிடித்ததும் அவருக்கு சூப்பர்மேனை வெளியிட்ட நிறுவனத்தில் வேலை இல்லாமல் போயிற்று. சூப்பர்மேனைப் படைத்தவர் அப்போது எழுதப் போனது லண்டனின் ‘லயன்’ வார இதழுக்கு. அங்கே டெட் கோவன் 1965இல் தொடங்கிவைத்த ஒரு பாத்திரத்தை அவர் எடுத்து எழுதினார். கறுப்பு உடை, கூர்க்காது, வலைத் துப்பாக்கி, பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். ஆம், நம்முடைய ஸ்பைடர்தான். 1984இல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸில் அவன் அட்டகாசங்களைப் படித்து வளர்ந்தவர்கள், அதை எழுதியவரின் பெயர் ஜெர்ரி சீகல் என்று அறியாமலே படித்தோம். பிரிட்டிஷ் இதழ்களில் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் அன்று இல்லை. அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தின் உரிமை நிறுவனம் நிறுவனமாகக் கைமாறி, 2018இல் ரெபெல்லியன் என்ற பதிப்பகத்தின் கைக்கு வந்தது. பிறந்த நாட்டில் பெரும்பாலோர் மறந்துபோன ஒரு நாயகனைப் பத்து ரூபாய்க்கும் குறைந்த விலையில் உயிரோடு வைத்திருந்தவர்கள் சிவகாசிக்காரர்கள். தமிழ்க் காமிக்ஸ் வாசகனாக இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

லண்டனுக்கே வருவோம். ஃபாசெட்டின் சமாதானத்தால் அமெரிக்காவுக்கு வெளியேயும் ஒருவருக்குப் பிழைப்பு போயிற்று. எல். மில்லர் அண்ட் சன் என்ற லண்டன் பதிப்பகம் கேப்டன் மார்வெல் கதைகளை வாங்கி மறுபதிப்புச் செய்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் காமிக்ஸை நேரடியாக இறக்குமதி செய்ய அன்று பிரிட்டனில் கட்டுப்பாடு இருந்ததால் போட்டியும் இல்லை. திடீரென்று கதை வரத்து நின்றது. லென் மில்லர், மிக் ஆங்லோ என்பவரைக் கூப்பிட்டார். சிறிய ஸ்டுடியோ வைத்து ஆட்களை அமர்த்திப் படக்கதை தயாரித்துக் கொடுத்தவர் அவர். ஆங்லோவின் தீர்வு நம் சினிமாக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். பில்லி பேட்சன் மிக்கி மோரன் ஆனான். ரேடியோ நிலையம் பத்திரிகை அலுவலகம் ஆனது. கறுப்பு முடி பொன்னிறமானது, சிவப்பு உடை நீலமானது. ‘ஷசாம்’ போய் ‘கிமோட்டா’ வந்தது; ‘அட்டாமிக்’ என்பதைத் தலைகீழாகச் சொன்னால் வரும் ஒலி. நாயகனின் பெயர் மார்வெல்மேன்.

எண்ணைக் கூட மாற்றவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். கேப்டன் மார்வெலின் பிரிட்டிஷ் பதிப்பு 24ஆம் இதழோடு முடிந்தது. 1954 பிப்ரவரியில் மார்வெல்மேன் 25ஆம் இதழாகத் தொடங்கினான். வாரா வாரம் சந்தா கட்டிய பையனுக்கு எதுவும் நின்றதாகவே தெரிந்திருக்காது. கடையும் முகவரியும் அப்படியே இருக்க, பெயர்ப் பலகையை மட்டும் இரவோடு இரவாக மாற்றி எழுதியது போல. 1963 வரை இப்படியே 370 வரை எண் ஏறியது. ஆங்லோ அதற்கு முன்பே, 1960இல், விலகிவிட்டார். 1959இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து அசல் அமெரிக்க இதழ்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. மில்லரின் கடையும் அறுபதுகளோடு ஓய்ந்தது. அப்போது ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. மார்வெல்மேன் யாருடையவன்? சம்பளம் கொடுத்த மில்லருடையவனா, ஸ்டுடியோவில் தயாரித்துக் கொடுத்த ஆங்லோவுடையவனா? அல்லது, கேட்பதற்கே தர்மசங்கடமான கேள்வி: ஒரு நகலின் நகலுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்க முடியுமா?

இரண்டு பத்தாண்டுகள் கழிந்தன. 1982 மார்ச்சில் டெஸ் ஸ்கின் என்பவர் லண்டனில் ‘வாரியர்’ என்ற கறுப்பு வெள்ளை மாத இதழைத் தொடங்கினார். மார்வெல்மேனை எடுத்து எழுத அவருக்குக் கிடைத்தவர் நார்த்தாம்ப்டன்காரரான ஆலன் மூர். சிறுவயதில் மார்வெல்மேனையும் ‘மேட்’ இதழின் சூப்பர்டூப்பர்மேன் கேலியையும் படித்திருந்த மூருக்கு, அந்தக் கேலியைச் சிரிக்காமல் சொன்னால் என்ன என்று தோன்றியிருந்தது. அவர் எழுதிய மைக் மோரன் நடுவயதுக்காரன். தலைவலியால் அவதிப்படும் சில்லறைப் பத்திரிகையாளன். பறக்கும் கனவுகள் வந்து தூக்கத்தைக் கெடுக்கின்றன, ஏதோ ஒரு சொல் தொண்டை வரை வந்து மறந்து போகிறது. அணுமின் நிலையம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில், கண்ணாடிக் கதவின் மறுபக்கத்திலிருந்து ‘அட்டாமிக்’ என்ற எழுத்தைத் தலைகீழாகப் படிக்கிறான். சொல் நினைவுக்கு வந்துவிடுகிறது. மறக்கப்பட்ட நாயகன் என்பதையே கதைக்கருவாக ஆக்கிவிட்டார் மூர். ஐம்பதுகளின் அசட்டு சாகசங்கள் எல்லாம் ராணுவச் சோதனைக்கூடம் ஒன்றில் அவன் மூளையில் திணிக்கப்பட்ட கனவுகள் என்பது போகப் போகத் தெரிகிறது. முதலில் கேரி லீச்சும் பிறகு ஆலன் டேவிஸும் வரைந்தார்கள்.

உரிமைக்கு ஸ்கின் என்ன செய்தார்? மூரும் ஓவியர்களும் தன் நிறுவனமும் உரிமையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். அது பெருந்தன்மையான ஏற்பாடு, அமெரிக்கப் பதிப்பாளர்கள் அன்று கனவிலும் செய்யாதது. ஆனால் பங்கு போட்ட சொத்து அவர் கையில் சட்டப்படி இருந்ததா என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. பழைய பதிப்பகம் போய்விட்டது, ஆகவே கேட்பாரற்ற சொத்து என்ற நம்பிக்கையே அடித்தளம். ஆங்லோவோ அப்போது உயிரோடு லண்டனில் இருந்தார். பெருந்தன்மையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்னால் வந்த எல்லா வினையும் இந்த ஒரு சோம்பலிலிருந்து கிளைத்தவை.

முதல் வில்லங்கம் வேறு திசையிலிருந்து வந்தது. 1984இல் ஆங்லோ காலத்துப் பழைய கதைகளைத் தொகுத்து ‘மார்வெல்மேன் ஸ்பெஷல்’ என்று ஸ்கின் வெளியிட்டார். அட்டையில் பெரிதாக அந்தப் பெயர். அமெரிக்க மார்வெல் நிறுவனத்தின் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. மார்வெல்மேன் பிறந்தது 1954இல், அந்த நிறுவனம் ‘மார்வெல்’ என்ற பெயரைத் தன் பெயராக வரித்துக்கொண்டது 1961 வாக்கில் என்ற நியாயம் எடுபடவில்லை. எடுபட வேண்டுமானால் வழக்காட வேண்டும், வழக்காடச் சின்னப் பதிப்பாளரிடம் பணம் இல்லை. இதில் கசப்பு என்னவென்றால், அதே மார்வெலின் பிரிட்டிஷ் கிளைக்கு மூரும் டேவிஸும் அப்போதுதான் ‘கேப்டன் பிரிட்டன்’ செய்து கொடுத்திருந்தார்கள். கோபத்தில் மூர் அந்தக் கதைகளின் மறுபதிப்புக்கு அனுமதி மறுத்தார், அது டேவிஸுக்கும் அவருக்கும் இடையே விரிசலானது. வாரியரின் 21ஆம் இதழோடு மார்வெல்மேன் நின்றான். 26ஆம் இதழோடு வாரியரும் நின்றது.

கதை அமெரிக்காவுக்குப் போனது. முதலில் ஒப்பந்தம் செய்த சான் டியேகோவின் பசிபிக் காமிக்ஸ் 1984இல் மூழ்கியது. அதன் சொத்தை வாங்கிய எக்லிப்ஸ், 1985 ஆகஸ்டில் வண்ணத்தில் வெளியிடத் தொடங்கியது. மார்வெலின் கோபத்துக்குப் பயந்து பெயர் மிராக்கிள்மேன் ஆனது. கேப்டன் மார்வெல் அஞ்சி மார்வெல்மேன், மார்வெல்மேன் அஞ்சி மிராக்கிள்மேன். ஒரே ஆள் இரண்டாம் முறை பெயர் மாற்றிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனான்.

தாமதம் என்பது எக்லிப்ஸ் காலத்தில் தொடரின் இயல்பாகவே ஆனது. காரணங்களில் ஒன்று இயற்கை. கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ஆற்றங்கரையில் உள்ள கயர்ன்வில் என்ற சிற்றூரில் அவர்கள் அலுவலகம் இருந்தது. 1986 பிப்ரவரி வெள்ளத்தில் அது மூழ்கியது. 8ஆம் இதழுக்குப் புதுக் கதை தயாராகவில்லை. ஆங்லோ காலத்துப் பழைய கதைகளைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதற்கு அடுத்த இதழில் பிரசவக் காட்சியை மருத்துவப் பாடநூல் போல அப்பட்டமாக வரைந்ததற்குக் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஓவியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக வந்த ஜான் டாட்டில்பென் அற்புதமான கை. ஆனால் அவசரப்பட முடியாத கை. லண்டன் நகரம் பிணக்காடாகும் 15ஆம் இதழ் 1988 நவம்பரில் வந்தது, மூரின் இறுதி இதழான 16 வந்தது 1989 டிசம்பரில். மாத இதழ் ஒன்று அடுத்த அடி வைக்க ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த 15ஆம் இதழின் பக்கங்களைப் பார்த்தவர்கள் காத்திருந்ததற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். தாமதங்களில் நல்ல தாமதமும் உண்டு. பணமில்லாமலும் பத்திரமில்லாமலும் வரும் தாமதம்தான் ஆளைக் கொல்லும்.

மூர் தன் பங்கை நீல் கெய்மனிடம் கொடுத்துவிட்டு விலகினார். மூன்று பகுதிகளாக எழுதத் திட்டமிட்டார் கெய்மன்: பொற்காலம், வெள்ளிக்காலம், இருட்காலம். பொற்காலம் முடிந்தது. வெள்ளிக்காலத்தின் இரண்டாம் இதழோடு எக்லிப்ஸ் படுத்தது. அதுதான் 1993 ஆகஸ்டின் 24ஆம் இதழ். நிறுவனம் திவாலானது.

இதற்கு நேரெதிரான இன்னொரு கதையும் உண்டு. வாரியரின் முதல் இதழில் மூர் இரண்டு தொடர்களைத் தொடங்கினார். ஒன்று மார்வெல்மேன், மற்றது டேவிட் லாய்டு வரைந்த ‘வி ஃபார் வெண்டெட்டா’. இரண்டாவதை, சூப்பர்மேனின் பதிப்பாளரான டிசி நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் ஒரு விதி: புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும். அன்றைய நிலையில் காமிக்ஸ் புத்தகம் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் அச்சில் இருக்காது, ஆகவே சீக்கிரம் கைக்கு வந்துவிடும் என்று நம்பினார் மூர். ‘வாட்ச்மென்’னுக்கும் அதே விதிதான். இரண்டும் இன்றுவரை அச்சில் இருக்கின்றன, உரிமை திரும்பவே இல்லை. ஒரே இதழில் பிறந்த இரண்டு கதைகளில் ஒன்று அச்சை விட்டு இறங்காததால் எழுத்தாளர் கையை விட்டுப் போனது, மற்றது அச்சேற முடியாததால் எல்லோர் கையையும் விட்டுப் போனது. மூருக்குப் பெரிய நிறுவனங்கள் மேல் இருக்கும் கோபத்தை வெறும் முரட்டுத்தனம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எக்லிப்ஸின் மிச்சம் மீதியை 1996இல் 25,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் டாட் மெக்ஃபார்லேன். ‘ஸ்பான்’ காமிக்ஸால் கோடீஸ்வரரானவர். நிறுவன முதலாளிகள் படைப்பாளிகளைச் சுரண்டுகிறார்கள் என்று கொடிபிடித்து வெளியேறி இமேஜ் காமிக்ஸை நிறுவியவர்களில் ஒருவர். கெய்மனுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. 1993இல் ‘ஸ்பான்’ 9ஆம் இதழைக் கெய்மன் எழுதிக் கொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, பெரிய நிறுவனங்களைவிட நன்றாக நடத்துகிறேன் என்ற வாய்வார்த்தைதான். இதழ் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, கெய்மனுக்கு 1,00,000 டாலர் கிடைத்தது. அந்த இதழில் அவர் அறிமுகப்படுத்திய ஏஞ்சலா, கோக்லியோஸ்ட்ரோ, இடைக்கால ஸ்பான் என்ற மூன்று பாத்திரங்கள் பொம்மைகளாகவும் புதுத் தொடர்களாகவும் பெருகியபோதுதான் தகராறு. 1997இல் ஒரு பண்டமாற்றுப் பேச்சு நடந்தது: மெக்ஃபார்லேன் மிராக்கிள்மேனைக் கொடுப்பது, கெய்மன் தன் பாத்திரங்கள் சிலவற்றை விட்டுக்கொடுப்பது. அதுவும் முறிந்தது. 2002இல் கெய்மன் விஸ்கான்சின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்.

ஜூரி கெய்மன் பக்கம் நின்றது. 2004 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர். சட்டம் படிக்காதவர்களும் சுவைத்துப் படிக்கக்கூடிய தீர்ப்பு அது. கோக்லியோஸ்ட்ரோ என்பவன் வெறும் குடிகாரக் கிழவன், எந்தக் கதையிலும் வரும் ஆள், இவனுக்கு உரிமை கேட்க முடியாது என்பது மெக்ஃபார்லேன் தரப்பு வாதங்களில் ஒன்று. குடிகாரக் கிழவன் என்று மட்டும் இருந்தால் சரி, ஆனால் அவனுக்குப் பெயரும் பட்டமும் வயதும் ஞானமும் கொடுத்து, அதற்கு ஒருவர் முகமும் வரைந்துவிட்டால் அவன் தனி ஆள் என்றார் போஸ்னர். எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர், மை தீட்டுகிறவர் இன்னொருவர் என்று உருவாகும் கலையில் ஒவ்வொருவர் பங்கும் தனியே நின்று உரிமை பெறத் தகுதியானதா என்று பார்ப்பது அபத்தம், சேர்ந்து செய்தார்கள் என்றால் சேர்ந்தே உரிமையாளர்கள் என்றார். மூன்றாண்டுக் காலக்கெடு தாண்டிவிட்டது என்ற வாதமும் நிற்கவில்லை. எழுதிக் கொடுத்தவர், தன் படைப்பை வேறு யாராவது தன் பேரில் பதிந்துகொண்டார்களா என்று பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்பது அவர் பதில். முதலாளிகளை எதிர்த்துக் கொடி பிடித்தவர் நீதிமன்றத்தில் முதலாளியின் வாதங்களையே பேசித் தோற்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் மிராக்கிள்மேன் கிடப்பில்தான் இருந்தான். மேல்முறையீட்டின் சர்ச்சை ‘ஸ்பான்’ பாத்திரங்களைப் பற்றியது. மிராக்கிள்மேன் யாருடையவன் என்பதை அது தீர்த்துவைக்கவில்லை. உள்ளபடி சொன்னால், அந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கும்படி எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பு வரவில்லை. கெய்மன் மார்வெலுக்கு ‘1602’ எழுதி, அதன் வருமானத்தை இந்தப் போராட்டத்துக்கு ஒதுக்கினார். ஒரு காலத்தில் வக்கீல் கடிதம் அனுப்பிப் பெயரைப் பறித்த நிறுவனம்தான் மீட்புச் செலவுக்கும் வழி செய்தது. ஐரிஷ் எழுத்தாளர் பாட்ரிக் ஓ மீலாய்டு இந்த உரிமைச் சிக்கலை மட்டுமே வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதி 2018இல் வெளியிட்டார். ‘நச்சுக் கிண்ணம்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு.

முடிச்சு அவிழ்ந்த விதம் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. 2009 ஜூலையில் சான் டியேகோ காமிக்ஸ் மாநாட்டில் மார்வெல் நிறுவனம் எழுந்து, மார்வெல்மேனின் உரிமையை வாங்கிவிட்டதாக அறிவித்தது. யாரிடமிருந்து? மிக் ஆங்லோவிடமிருந்து. அப்போது அவருக்கு வயது 93. இருபத்தேழு ஆண்டுகளாக எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பங்கு போட்டு, கைமாற்றி, ஏலம் எடுத்து, வழக்காடிய காலமெல்லாம் தாய்ப்பத்திரம் லண்டனில் ஒரு கிழவரிடம் இருந்திருக்கிறது. குறைந்தபட்சம், பணம் கொடுக்கத் துணிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல்கள் அப்படி முடிவுசெய்தார்கள். ஆங்லோ 2011 அக்டோபரில் இறந்தார். மறுபதிப்பு வந்தது 2014 ஜனவரியில். மூர் தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அட்டையில் ‘மூல எழுத்தாளர்’ என்று மட்டும் அச்சிட்டார்கள். அந்தக் கதையை வாங்கிய எவருக்கும் அது யார் என்று தெரியும். ஆனாலும் அச்சில் அந்தப் பெயர் இல்லை. லயன் வார இதழில் சீகலுக்கு நேர்ந்ததை மூர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிளைக்கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. பதிப்புரிமை தூங்கினாலும் சாகாது, வணிகக் குறி தூங்கினால் செத்துவிடும். 1953இல் ஃபாசெட் கைவிட்ட கேப்டன் மார்வெல் என்ற பெயர் கேட்பாரற்றுக் கிடந்தபோது, 1967இல் மார்வெல் வேறு ஒரு நாயகனுக்கு அதைச் சூட்டிக்கொண்டது. பழைய கேப்டன் மார்வெலை அவனைக் கொன்ற டிசி நிறுவனமே 1972இல் உரிமம் பெற்றுத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் இதழுக்கு அவன் பெயரை வைக்க முடியவில்லை, ‘ஷசாம்’ என்று அவன் சொல்லும் சொல்லையே தலைப்பாக வைத்தார்கள். 2019 மார்ச்சில் ‘கேப்டன் மார்வெல்’ படம் வந்தது, ஏப்ரலில் ‘ஷசாம்’ வந்தது. முதல் படத்தின் தலைப்பு இரண்டாம் படத்தின் நாயகனுடைய பழைய பெயர் என்று அரங்கில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சட்டம் இல்லாவிட்டால் படைப்பாளிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கெய்மன் ஜெயித்தது சட்டத்தால்தான். ஆனால் இந்த எழுபது ஆண்டுக் கணக்கில் வாசகர் என்ற ஒருவர் எந்த வழக்கிலும் தரப்பாக இல்லை. ஃபாசெட் சமாதானமாகப் போனபோது கதையை இழந்த பையனும், 24ஆம் இதழோடு நிறுத்தப்பட்டவனும் யாரிடமும் மனுப் போட முடியாது. தமிழிலும் பழைய படக்கதைகளின் உரிமை எங்கே, யாரிடம் என்று தெரியாமல் எத்தனையோ கட்டுகள் பரணில் கிடக்கின்றன. வரைந்தவரும் எழுதியவரும் உயிரோடு இருக்கும்போதே பதிப்பாளர்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு தேடினால் வாரிசுகளைத்தான் தேட வேண்டும்.

வெள்ளிக்காலம் 2022 அக்டோபரில் முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கியது. பக்கிங்காம் முப்பதாண்டுக்கு முந்தைய தன் பக்கங்களைப் புதிதாக வரைந்தார். மூன்றாம் இதழில்தான் 1993இல் நின்ற இடத்தைக் கதை தாண்டியது. ஏழாம் இதழோடு அந்தப் பகுதி முடிந்துவிட்டது. இருட்காலம் இன்னும் வரவில்லை.